பன்னிரண்டு வயதுக்கு மேல்

1

போன வாரம் ஒரு நாடகத்துக்கு டிக்கெட் எடுக்கப் போன் போட்டேன். லீட்ஸுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது, இங்கே ஒரு நாடக அரங்குக்குள் நான் கால் வைத்ததில்லை. வேலை, சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, கூட்டி வருவது என்றே ஓடிப்போயிற்று. இப்போதும் எனக்காகப் போகவில்லை. மகள் கோமதிக்குப் பதிமூன்று வயது. பள்ளியில் நாடகத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். மேடை நாடகம் ஒன்றை நேரில் பார்த்துவிட்டு வந்து அதைப் பற்றி எழுத வேண்டுமாம். ஏன், யூடியூபில் பார்த்து எழுதினால் ஆகாதா என்று கேட்டேன். ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு நான் போனை எடுத்துவிட்டேன்.

கிடைத்தது சனிக்கிழமை மத்தியானக் காட்சி. என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் உணவுத் தொழிற்சாலையில் அவருக்குச் சனிக்கிழமை ஷிப்டு. ஆகவே ஒன்பது வயது மகன் கதிரையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். டிக்கெட் கொடுக்கிற பெண் அவன் வயதைக் கேட்டாள். சொன்னேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, இந்த நாடகத்தைப் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று பரிந்துரைக்கிறோம், தடை ஒன்றும் இல்லை, முடிவு உங்களுடையது என்றாள். அப்படியென்ன இருக்கிறது அதில் என்று கேட்டதற்கு ஒரு பட்டியல் வாசித்தாள். குடும்பத்தில் ஒரு மரணம். அது மேடையிலேயே நடக்கும். குடி. கணவன் மனைவிக்குச் செய்த துரோகம். கெட்ட வார்த்தைகள். ஓரிடத்தில் திடீரென்று பெரிய சத்தம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முத்தக் காட்சி உண்டா என்று கேட்டேன். நம் கவலை நமக்கு. ஒன்று இருக்கிறது, ஆனால் அதற்கெல்லாம் நாங்கள் எச்சரிக்கை கொடுப்பதில்லை என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்ன மாதிரி இருந்தது.

ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிற என் அம்மாவிடம் போனில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. பச்சப்பிள்ளையை அங்கெல்லாம் எதற்குக் கூட்டிக்கொண்டு போகிறாய், ராத்திரி பயந்து எழுந்திரிக்கப் போகிறான், உனக்குப் புத்தி கித்தி இருக்கிறதா என்று பிடித்துக்கொண்டாள். நானும் விடவில்லை. எங்களையெல்லாம் கொடைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்த்தி வைத்தாயே, அப்போது எங்களுக்கு என்ன இருபது வயசா என்று கேட்டேன். "அது சாமி காரியம்லாட்டி" என்று முடித்துவிட்டாள்.

என் பயம் வேறு. என் தம்பி முத்து போய் இந்த ஐப்பசியோடு இரண்டு வருஷம். அவன் என்றால் கதிருக்கு உயிர். அப்படியிருந்தும் இந்த இரண்டு வருஷத்தில் கதிர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மாமா என்கிற வார்த்தையே அவன் வாயிலிருந்து வரவில்லை. வருகிற கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம், முத்து இல்லாத வீட்டுக்கு முதல் தடவையாகப் பிள்ளைகள் போகிறார்கள். அங்கே போய் நடுவீட்டில் மாலை போட்ட படத்தின் முன்னால் நின்று பையன் உடைவதை விட, இங்கேயே ஏதாவது ஒன்று அவனை அழவைத்துவிட்டால் தேவலை என்று ஒரு மனம் சொன்னது. வேண்டாம், புண்ணைக் கிளறாதே என்று இன்னொரு மனம். கடைசியில் மூன்று டிக்கெட் எடுத்தேன்.

2

கொடை என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், அது கோயில் திருவிழா. எங்கள் தெருக்கோயில் சுடலைமாடனுக்கு. மூன்று நாள் நடக்கும், வில்லுப்பாட்டு இல்லாமல் கொடை கிடையாது. மத்தியானக் கொடைக்குப் பந்தலில் பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். ஆண்கள் பாதிப் பேர் வாழைத்தோட்டத்தில் வேலை முடிந்து குளித்துவிட்டு வருவதற்குள் கதை பாதி ஓடியிருக்கும்.

அந்தக் கதைகளில் என்னதான் இல்லை. அண்ணன்மார் சேர்ந்து தங்கச்சியை வெட்டுவார்கள். பிள்ளைத்தாய்ச்சி கிணற்றில் குதிப்பாள். புருஷன் வெளியூரில் இருக்கும்போது வீட்டில் நடக்கிறதெல்லாம் நடக்கும். வில்லுப்பாட்டுக்கார அண்ணாச்சி அத்தனையையும் விலாவாரியாகச் சொல்லுவார், பின்பாட்டுக்காரர் "ஆமா, ஆமா" போடுவார். வயசு என்ன என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது முழுக்கச் சின்னப்பிள்ளைகள்.

இங்கே சில தமிழ் வீடுகளில் இதைப் பெருமையாகப் பேசுவார்கள். நாமெல்லாம் எதையும் பார்த்து வளர்ந்தோம், இந்த ஊர்ப் பிள்ளைகளைத்தான் பஞ்சில் பொதிந்து வளர்க்கிறார்கள் என்று. நான் அதில் சேருவதில்லை. ஏனென்றால் எனக்கு முத்துவின் ஞாபகம் இருக்கிறது. அவனுக்கு அப்போது ஐந்தோ ஆறோ. கதையில் அந்தப் பெண் கிணற்றில் குதித்ததும் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, ஏன் குதிச்சா, ஏன் குதிச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அம்மா அவன் வாயில் ஒரு கடலைமிட்டாயைத் திணித்தாள். அதுதான் அவனுக்குக் கிடைத்த பதில். அப்புறம் ரொம்ப நாள் அவன் எங்கள் வீட்டுப் பின்னால் இருந்த கிணற்றுப் பக்கமே போகவில்லை. குளிக்க ஆற்றுக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்தான். சோம்பேறி, தண்ணி இறைக்க வலிக்குது என்று எல்லோரும் அவனை ஏசினோம். பிள்ளை பயந்திருக்கிறான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் காட்டுவோம், ஒன்றையும் பேச மாட்டோம். எங்கள் ஊர் வழக்கம் அது. இந்த ஊரில் முதலில் பட்டியல் வாசிக்கிறார்கள். எது மேல் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

3

முத்து வாழை இலை வியாபாரம் செய்தான். விடியும் முன் தோட்டத்தில் அறுத்து, கட்டுக் கட்டி, முதல் பஸ்ஸில் திருநெல்வேலி டவுணுக்கு ஏற்றிவிட்டால் அப்புறம் நாள் முழுக்க அவன் ராஜா. கல்யாணம் பேசப் பேச ஒவ்வொரு காரணமாகத் தள்ளிப்போட்டான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவான். எங்களுக்குக் காலைத் தோசை நேரம், அவனுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். நேரே அணைக்கட்டுக்குப் போய் நின்றுகொண்டு, "மருமவனே, ஆத்தப் பாத்தியா" என்று போனைத் திருப்புவான். கதிர் தோசையை விட்டுவிட்டு ஓடி வருவான்.

கதிர் எல்லோரிடமும் இங்கிலீஷில்தான் பேசுவான். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். முத்துவிடம் மட்டும் தமிழ், அதுவும் சுத்தமான எங்கள் ஊர்த் தமிழ். "என்ன மாமா செய்யுதீங்க, இலை எவ்ளோ போச்சு" என்று பெரிய வியாபாரி மாதிரி விசாரிப்பான். அந்தத் தமிழை இன்னும் வளர்க்கலாமே என்று அவனுக்கு ஏழு வயதில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்து அணைச் சுவர் மேலேயே ஏறி நின்றுகொண்டு வீடியோ காட்டினான். கீழே தண்ணீர் வெள்ளமாகப் போகிறது. நான் போனைப் பிடுங்கி அவனைக் கன்னாபின்னாவென்று ஏசினேன். அவன் இளித்தான். அது அவன் கடைசி ஞாயிறோ, அதற்கு முந்தினதோ.

அவனுக்கு வந்தது காய்ச்சல்தான். சாதாரணக் காய்ச்சல் என்று இலையும் அறுத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

செய்தி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் வேலை. என் மேலாளர் ஜேன், நல்ல பெண். அவளுக்கு அவசரமாக ஒரு வரி எழுதினேன், என் பிரதர் எக்ஸ்பயர்ட், லீவு வேண்டும் என்று. நம் ஊரில் அப்படித்தானே எழுதுவோம். ஜேன் வந்து நின்று என் முகத்தையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கள் இடத்தில் அந்த வார்த்தை நாளைக்கு நூறு தடவை புழங்கும், தேதி கடந்த மருந்துக்கு. உன் பிரதருக்கு என்ன ஆச்சு என்று மெதுவாகக் கேட்டாள். நான் மறுபடியும் அதே வார்த்தையைச் சொன்னேன். அவளுக்குப் புரிந்தபோது அவள் முகம் மாறியதைப் பார்த்துத்தான் எனக்கே முழுசாகப் புரிந்தது. அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பெட்டி அடுக்கிக்கொண்டே பிள்ளைகளிடம் சொன்னேன். "மாமா தவறிட்டான்லே, அம்மா ஊருக்குப் போயிட்டு வாரேன்." கோமதி ஓவென்று அழுதாள். கதிர் அழவில்லை. கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, "இனிமே போன் பண்ண மாட்டாங்களா?" என்று கேட்டான். பண்ண மாட்டான் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. ஏழு வயசுப் பிள்ளை, எவ்வளவு தெளிவாகக் கேட்கிறான் என்று அந்த நேரத்திலும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நான் திரும்பி வந்தபோது, மாமா பேச்சை அம்மாவிடம் எடுக்கக் கூடாது, அம்மா தாங்க மாட்டாள் என்று என் வீட்டுக்காரர் இரண்டு பேரிடமும் சொல்லி வைத்திருந்தார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். எனக்கும் அது வசதியாக இருந்தது. முத்துவின் படத்தை இங்கே சுவரில் மாட்ட எனக்குத் தெம்பு இல்லை. அந்த வருஷமே ஊருக்குப் போயிருப்போம், ஆனால் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டு, அவர்கள் அதைக் கேட்க, நாங்கள் இதை அனுப்ப, பாஸ்போர்ட்டெல்லாம் அவர்கள் மேஜையில் கிடந்தது. அது முடியவே இவ்வளவு காலம் ஆகிவிட்டது.

கதிர் மாறியது அதற்குப் பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வீடியோ போட்டால் மாடிக்கு ஓடிவிடுவான். என்னிடம் ஒட்டுவது குறைந்தது. தமிழ் சுத்தமாக நின்றுபோனது. பிள்ளைகள் வளரும்போது இந்த ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான் என்று பழகியவர்கள் சொன்னார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன், வலித்தாலும்.

4

நாடகத்துக்கு வருகிறேன். எங்களுக்கு எட்டாவது வரிசை. அக்கம்பக்கத்தில் கதிர் வயசில் ஒருவரும் இல்லை. பக்கத்து இருக்கைப் பாட்டியம்மா அவனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள், பிறகு மரியாதையாக மேடையைப் பார்த்துக்கொண்டாள்.

கதை பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு ரொட்டிக்கடைக்காரர், அவர் மனைவி, இரண்டு பெண்கள். ஆள் கடையில் சிரித்துப் பேசுவார், வீட்டில் குடிப்பார். ஒரு நாள் கட்டிலில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. மேடையில் நம் கண் முன்னாலேயே உயிர் போகிறது. நர்ஸ் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இறந்துவிட்டார்" என்கிறாள். அவ்வளவுதான், ஒரே வார்த்தை. நான் கதிரின் கையைப் பிடிக்கப் போனேன். அவன் கையை எடுத்துக்கொண்டான். முன்னால் குனிந்து உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தான்.

இடைவேளையில் சின்ன டப்பாவில் ஐஸ்கிரீம் விற்றார்கள். மூவரும் வாங்கிச் சாப்பிட்டோம். பயமா இருக்காலே, வீட்டுக்குப் போயிரலாமா என்று கேட்டேன். இல்லை, பார்க்கணும் என்று இங்கிலீஷில் சொன்னான். கோமதி ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள், தொந்தரவு பண்ணாதே என்று கை காட்டினாள்.

இரண்டாம் பாதியில்தான் விஷயமே. அடக்கத்துக்கு ஒரு பெண் ஒரு சின்னப் பையனோடு வருகிறாள். ரொட்டிக்கடைக்காரருக்கு அவளோடு இன்னொரு குடும்பம். மனைவி அதற்குப் பிறகு புருஷன் பேரையே எடுக்க மாட்டேன் என்கிறாள். படத்தைக் கழற்றுகிறாள். மகள்கள் அப்பா என்று வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுகிறாள். கத்தலும் வசவுமாகப் போகிறது. அந்தப் பெரிய சத்தம் வந்தது, மேஜையில் இருந்த தட்டுகளை அவள் தரையில் தள்ளும் இடம். நானே துள்ளிவிட்டேன். கடைசியில் காலியான கடையில் தனியாக நின்றுகொண்டு, ரொம்ப நேரம் கழித்து, அவர் பேரைச் சொல்கிறாள். ஒரே ஒரு தடவை. விளக்கு அணைகிறது.

நான் அழுதேன். பக்கத்து இருக்கைப் பாட்டியம்மா அழுதாள். கோமதி மூக்கை உறிஞ்சினாள். கதிர் அழவில்லை. எல்லோரும் கைதட்டும்போது அவனும் தட்டினான். எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. இது போதாத பிள்ளைக்கு இனி எதைக் காட்டுவது, இவன் நெஞ்சு கல்லாகிவிட்டதா என்றெல்லாம் நினைத்துக்கொண்டே அவனுக்குக் கோட்டு மாட்டிவிட்டேன்.

5

பஸ்ஸில் மாடியில் முன் இருக்கை கிடைத்தது. கோமதி பின்னால் உட்கார்ந்து காதில் பாட்டு மாட்டிக்கொண்டாள். இரண்டு நிறுத்தம் தாண்டியிருக்கும். கதிர் ஜன்னலைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தான். தமிழில். அதுவே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அந்த அம்மா கடைசில அவர் பேரைச் சொன்னாங்கல்ல."

ஆமா என்றேன்.

"ஆனா அவர் செத்தப்புறம்தான் மன்னிச்சாங்க. அவருக்குத் தெரியாதுல்ல."

அதுவும் சரிதான் என்றேன்.

"நீ மாமாவ இப்பவே மன்னிச்சிரும்மா. மாமா செத்துப்போறதுக்கு முன்னாடி."

எந்த மாமாவைச் சொல்லுத என்று கேட்டேன். முத்து மாமா என்றான், எத்தனை மாமா இருக்கிறார்கள் எனக்கு என்கிற மாதிரி. முத்து மாமாவை நான் எதுக்குலே மன்னிக்கணும் என்றேன்.

"நீதானே சொன்ன, மாமா தவறிட்டான்னு."

எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவன்தான் பொறுமையாக விளக்கினான். தவறு என்றால் தப்பு. தமிழ் வகுப்பில் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தார்கள். வாக்கியம் போட்டிருக்கும், பக்கத்தில் சரியா, தவறா என்று எழுத வேண்டும். மாமா ஏதோ தவறு பண்ணிவிட்டார், அதனால் அம்மாவுக்குக் கோபம், இனிமேல் போன் பண்ணக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அப்பாவும் மாமா பேச்சை எடுக்காதே என்றார். படம் கூட வீட்டில் இல்லை. அவன் கணக்கில் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கிறது.

எங்கள் வீட்டில் தப்பு என்றுதான் பேசுவோம், தவறு என்று ஒருவரும் பேசுவதில்லை. அந்த வார்த்தை வீட்டுக்குள் வருவது ஒருவர் இறந்ததைச் சொல்லத்தான், தெற்கத்தி வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். பெரியவர்கள் என்றால் தவறிட்டாவ, சின்னவன் என்றால் தவறிட்டான். செத்தான் என்று வேண்டாதவனைச் சொல்வோம், கதையில் வருகிறவனைச் சொல்வோம். நம் ஆளைச் சொல்ல வாய் வராது. அது ஒரு மரியாதை. அந்த மரியாதை என் பிள்ளையை இரண்டு வருஷம் இப்படி வைத்திருக்கிறது.

அவன் இன்னும் முடிக்கவில்லை. மாமா பண்ணிய தப்பு என்ன என்றும் அவனுக்குத் தெரியுமாம். அணைச் சுவர் மேல ஏறினது. நீ அன்னைக்கு அவ்ளோ ஏசினீயே என்றான். பிறகு குரலை இறக்கி, "நான்தாம்மா ஏறி நின்னு காட்டச் சொன்னேன். மாமா மாட்டேன்னாங்க. நான்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்" என்றான்.

இதுதான் அந்தப் பிள்ளை மாடிக்கு ஓடியதற்குக் காரணம். போனில் யாராவது இதைச் சொல்லிவிடுவார்களோ என்று. மாமாவுக்குக் கிடைத்த தண்டனை தனக்கும் கிடைத்துவிடுமோ என்று. அம்மா ஒரு தப்புக்கு ஒருவரோடு காலத்துக்கும் பேசாமல் இருப்பாள் என்று நம்பிக்கொண்டு என்னோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறான். இன்றைக்குத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மாமாவுக்காகப் பேசியிருக்கிறான்.

கோமதி எப்போது பாட்டை நிறுத்தினாளோ தெரியாது. பின்னால் இருந்து என் தோளைத் தொட்டு, அம்மா, அவனுக்குத் தெரியாது என்று இங்கிலீஷில் சொன்னாள். மணியை அழுத்தினேன். எங்கள் நிறுத்தம் இன்னும் தூரம். எந்த இடம் என்று கூடப் பார்க்காமல் இறங்கிவிட்டோம். நிழற்குடையில் ஒரு பெஞ்சு இருந்தது. மூவரும் உட்கார்ந்தோம்.

எப்படிச் சொல்வது. மாமா இப்போ இல்லலே என்றேன். இல்லன்னா, ஊர்ல இல்லையா என்று கேட்டான். போயிட்டான் என்றேன். எங்க என்றான். சாமிகிட்ட போயிட்டான் என்றேன், எனக்கே அபத்தமாக இருந்தது. சுடலைமாடன் கோயில்லயா இருக்காங்க என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அந்தக் கோயிலை மாமா அவனுக்கு வீடியோவில் காட்டியிருக்கிறான். என்னிடம் இருந்த வார்த்தையெல்லாம் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். இரண்டு வருஷமாக நான் அதை யாரிடமும் சொல்லவில்லை, தனியாக இருக்கும்போது கூட.

"மாமா செத்துப்போயிட்டான்லே."

சொன்ன பிறகு என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. எப்போ என்றான். அன்னைக்கே, அம்மா பெட்டி அடுக்கினேனே, அன்னைக்கே என்றேன். அணையில இருந்து விழுந்துட்டாங்களா என்றான்.

"இல்லலே. காய்ச்சல். ஆஸ்பத்திரில. அணைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்ப நான் சொன்னதால இல்லையா?"

"சத்தியமா இல்ல. மாமா ஒரு தப்பும் பண்ணல. நீயும் பண்ணல. யாரும் யார் மேலயும் கோவமா இல்ல."

அப்போதுதான் அழுதான். சத்தம் போட்டு, சின்னப்பிள்ளை மாதிரி, வாயைத் திறந்து. கோமதி அவனுக்கு அந்தப் பக்கம் நெருக்கி உட்கார்ந்தாள். நானும் அழுதேன், வெட்கப்படவில்லை. ஒரு பஸ் வந்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்து எங்களைப் பார்த்தார். போங்க போங்க என்று கை காட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குக் கோவமா இருக்கு" என்றான். யார் மேல என்று கேட்டேன்.

"உன் மேல."

சரி என்றேன்.

"நீ அழுத. அக்கா அழுதா. ஊர்ல எல்லாரும் அழுதிருப்பாங்க" என்றான். "மாமாவுக்கு நான் மட்டும்தாம்மா அழல."